முன்சில்லில் சத்தமா? கொன்ரோல் ஆம் மாற்றுவது பற்றிச் சில விடயங்கள்

பனி உருகத் தொடங்கும் காலத்தில் ரொறன்ரோ கராஜ்களில் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. "கிடங்கிலை விழேக்கை முன்னுக்கு டொக்கு டொக்கெண்டு சத்தம் வருது." மெக்கானிக் காரை உயர்த்திப் பார்த்துவிட்டு, "கொன்ரோல் ஆம் போட்டுது, ரெண்டு பக்கமும் மாத்த வேணும்" என்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம். பில்லைப் பார்த்த பிறகுதான் கொன்ரோல் ஆம் என்றால் என்ன, அது உண்மையிலேயே போய்விட்டதா, ஒரு பக்கம் மட்டும் மாற்றியிருக்கலாமா என்ற கேள்விகள் வீட்டில் எழுகின்றன. அவற்றைத்தான் இந்த மாத உரையில் எடுத்துக்கொள்கிறோம். காரைத் தாங்களே திருத்த விரும்பும் நேயர்களுக்கும், கராஜில் விட்டுவிட்டுக் கதிரையில் காத்திருக்கும் நேயர்களுக்கும் இது பொதுவான விடயம்.

இந்த நகரத்தில் காரின் கீழ்ப்பாகத்தைத் தின்பது ஓடிய கிலோமீற்றரை விடக் குளிர்காலம்தான். வீதியில் உள்ள சிறு வெடிப்புக்குள் தண்ணீர் இறங்குகிறது. இரவில் அது உறைகிறது. தண்ணீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். அந்தப் பெருக்கம் தாரை மேலே தள்ளும். பகலில் பனி உருக உள்ளே வெறுமை மிஞ்சும். மேலால் ஒரு பஸ் போனால் கிடங்கு. ரொறன்ரோவின் வெப்பநிலை ஒரு குளிர்காலத்தில் பூச்சியத்தைப் பலமுறை மேலும் கீழும் கடக்கிறது. பிஞ்ச், மார்க்கம் றோட், மோர்னிங்சைட் போன்ற பஸ் ஓடும் வீதிகளில் இதன் விளைவைத் தினமும் காண்கிறோம். கிடங்கு அடிக்கும் அடியோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. வீதியில் கொட்டும் உப்பு கரைந்து காரின் அடியில் தெறித்து, ஒவ்வொரு போல்ற்றின் மறைக்குள்ளும் புகுந்து கறளாக்குகிறது. கொழும்பில் இருபது வருடம் ஓடும் ஒரு சாமான் இங்கே அதில் பாதிக்காலம் நின்றாலே நல்லது.

கொன்ரோல் ஆம் என்பது காரின் அடிச்சட்டத்தையும் சில்லையும் இணைக்கும் ஒரு கை. பெரும்பாலும் இரும்பு, சில கார்களில் அலுமினியம். வீட்டுக் கதவின் பிணைச்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பிணைச்சல் கதவைத் திறக்கவும் மூடவும் விடும், ஆனால் நிலையை விட்டு விலக விடாது. அதேபோல இந்தக் கை சில்லை மேலும் கீழும் அசைய விடும், முன்னும் பின்னும் இழுபட விடாது. நீங்கள் பிறேக்கை அழுத்தும்போது வீதி ரயரைப் பின்னால் தள்ளப் பார்க்கிறது. அந்தத் தள்ளலைத் தாங்கி, சில்லைத் தன் இடத்தில் வைத்திருப்பது இந்தக் கைதான்.

சட்டத்தோடு சேரும் பக்கத்தில் வழக்கமாக இரண்டு புஷ் இருக்கும். புஷ் என்பது உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்பு வளையம், இரண்டுக்கும் நடுவே ஒட்டிய றபர். சில்லுப் பக்கத்தில் போல் ஜொயின்ற். எங்கள் இடுப்பு மூட்டு எப்படியோ அப்படி: கிண்ணத்துக்குள் ஒரு குண்டு, அதைச் சுற்றிக் கிறீஸ், மேலே ஒரு றபர் உறை. கையின் இரும்பு வளைவதோ முறிவதோ அபூர்வம். "கொன்ரோல் ஆம் போட்டுது" என்று சொன்னால் பெரும்பாலும் புஷ் அல்லது போல் ஜொயின்ற் தேய்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

எத்தனை கை என்பது காருக்குக் கார் வேறுபடும். கொரோலா, சியன்னா போன்றவற்றில் முன்னுக்குப் பக்கத்துக்கு ஒரு கீழ்க்கை மட்டும்தான்; மேலே ஷொக்கும் ஸ்பிறிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ரட் சில்லைப் பிடித்திருக்கிறது. ஹொண்டா அக்கோட்டில் 2012 மொடல் வரை மேலே ஒரு கையும் கீழே ஒரு கையுமாக இருந்தது. 2013 மொடலில்தான் அதுவும் ஸ்ரட்டுக்கு மாறியது. ஆகவே "நாலு கொன்ரோல் ஆம் மாத்த வேணும்" என்று ஒருவர் சொன்னால் எந்த நாலு என்று கேட்பதில் பிழையில்லை.

ஊரில் மொரிஸ் மைனரும் ஏ40யும் ஓட்டிய பெரியவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல். அந்தக் கார்களின் முன்பக்கத்தில் கிறீஸ் அடிக்க நிப்பிள் இருந்தது. குறிப்பிட்ட மைலுக்கு ஒருதரம் கிறீஸ் அடித்தால் சத்தமும் அடங்கும், சாமானும் நிற்கும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மண்ணெண்ணெயிலேயே அந்தக் கார்களை ஓடவைத்த கைகள் எங்களுடையவை. அந்தப் பழக்கத்தில் இன்றைய காரிலும் சத்தம் வரும் இடத்தில் எண்ணெயோ கிறீசோ அடித்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். இன்றைய போல் ஜொயின்ற் பெரும்பாலும் மூடிய வகை, கிறீஸ் ஏற்ற வழியில்லை. புஷ்ஷில் உள்ள றபருக்கோ எண்ணெய் எதிரி; சாதாரண எண்ணெய் றபரை ஊதவைத்து மென்மையாக்கிவிடும். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டுமானால் வெறும் தண்ணீரை அந்தப் புஷ்ஷின் மேல் தெளித்துவிட்டுக் காரை மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள். கிரீச்சென்ற சத்தம் சற்று நேரம் நின்றால் இடம் பிடிபட்டுவிட்டது.

சத்தங்களை வகைபிரிப்பது பிரயோசனமானது. புஷ் கிழிந்திருந்தால் பிறேக் பிடிக்கும்போதும், றிவேர்ஸிலிருந்து முன்கியருக்கு மாற்றிப் புறப்படும்போதும் ஒரே ஒரு தடித்த "டொக்" வரும். கை முன்னும் பின்னும் நகர்ந்து இரும்பில் இடிப்பதுதான் அது. நெடுஞ்சாலையில் கார் நேரே போகாமல் அலையும். ரயரின் உட்பக்கம் மட்டும் மொட்டையாகும். போல் ஜொயின்ற் என்றால் சிறு சிறு குலுக்கலுக்கெல்லாம் சத்தம் வரும், ஸ்ரெயரிங்கைத் திருப்பும்போது சில வேளை கிரீச்சிடும். இவை இரண்டும் இல்லாமல், ஒரு பக்கம் மட்டும் கிடங்கில் இறங்கும்போது கலகலவென்று சில்லறை குலுங்குவது போலக் கேட்டால் அது பெரும்பாலும் கொன்ரோல் ஆம் அல்ல. கார் சரிவதைத் தடுக்கும் கம்பியின் இரு முனையிலும் இருக்கும் சிறிய இணைப்பு, சுவே பார் லிங்க் என்பார்கள். அதன் விலையும் வேலையும் கொன்ரோல் ஆமில் ஒரு பங்குதான். லிங்க் போன காருக்குக் கொன்ரோல் ஆம் மாற்றினால் பில்லும் பெரிதாகும், சத்தமும் போகாது. ஆகவே லிங்க்கை முதலில் பார்த்தீர்களா என்று கேட்டுவிடுங்கள்.

ஆபத்து என்று பார்த்தால் புஷ்ஷும் போல் ஜொயின்ற்றும் ஒன்றல்ல. புஷ் றபரில் மேலோட்டமாக வெடிப்புக் காண்பது வயதின் அடையாளம். அது முதுகில் விழுந்த சுருக்கம் போல, உடனே சத்திரசிகிச்சை வேண்டாம். றபர் முழுவதும் கிழிந்து நடுக்குழாய் ஒருபக்கம் சாய்ந்திருந்தால் அல்லது சில கார்களில் உள்ள திரவம் நிரப்பிய புஷ் ஒழுகியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் அது கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகும், தவணை தரும். போல் ஜொயின்ற் தவணை தராது. அதன் றபர் உறை கிழிந்து உப்புத் தண்ணீர் உள்ளே போனால் கிறீஸ் கழுவுப்பட்டுவிடும், குண்டும் கிண்ணமும் அரைபடும், கடைசியில் ஒருநாள் குண்டு கிண்ணத்தை விட்டுக் கழன்றுவிடும். அந்தக் கணத்தில் சில்லு வெளிப்பக்கமாக மடிந்து கார் அந்தப் பக்கம் குந்திவிடும். பார்க்கிங்கில் திருப்பும்போது நடந்தால் தப்பினோம்; 401இல் நடந்தால் என்ன ஆகும் என்று விபரிக்கத் தேவையில்லை. போல் ஜொயின்ற்றில் ஆட்டம் என்று தெரிந்தால் அடுத்த சம்பளம் வரட்டும் என்று விட வேண்டாம். மற்ற எந்த விடயத்திலும் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லமாட்டேன்.

ஆட்டம் பார்க்கும் முறையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஸ்ரட் உள்ள காரில் காரின் பாரம் ஸ்ரட்டின் வழியாக இறங்குகிறது, கீழே உள்ள போல் ஜொயின்ற் பாரம் சுமப்பதில்லை. அப்படியான காரை உடலில் ஜக் வைத்து உயர்த்தி, சில்லைத் தொங்கவிட்டு, கைக்கும் சில்லைத் தாங்கும் இரும்புக்கும் இடையே நெம்புகோல் வைத்து அசைத்துப் பார்க்கலாம். ஸ்பிறிங் கீழ்க்கையின் மேல் உட்கார்ந்திருக்கும் வாகனங்களில், பழைய பிக்கப்புகள் பலவற்றில் இப்படித்தான், சில்லைத் தொங்கவிட்டால் ஸ்பிறிங் தள்ளி ஜொயின்ற்றை இறுக்கிவிடும். ஆட்டம் இருந்தும் தெரியாது. அங்கே கீழ்க்கையின் நுனிக்கடியில் ஜக் வைத்து ஸ்பிறிங்கின் பாரத்தை எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும். நல்ல மெக்கானிக்குக்கு இது தெரியும். நீங்கள் அருகில் நின்று "ஆட்டத்தை ஒருக்கால் காட்டுங்கோ" என்று கேட்டால் அவர் காட்டுவார். காப்புறுதிக் காரணத்தால் உள்ளே விடமுடியாத இடங்களில் கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லலாம்.

மாற்றும்போது புஷ் மட்டுமா, முழுக்கையுமா? பழைய புஷ்ஷைக் கழற்றிப் புதியதை ஏற்றப் பெரிய அழுத்தி இயந்திரம் வேண்டும், நேரமும் எடுக்கும். சாமான் மலிவு, கூலி கூட. முழுக்கையும் வாங்கினால் புஷ் ஏற்றியே வரும். சாமான் விலை கூட, கூலி குறைவு. கறள் பிடித்த ஒன்ராறியோக் காருக்கு முழுக்கைதான் புத்தி என்பது என் கருத்து. ஆனால் போல் ஜொயின்ற்றும் கூடவே வருகிறதா என்று பார்க்க வேண்டும். ரொயோட்டாவின் கொரோலா, கம்றி, சியன்னா ஆகியவற்றில் போல் ஜொயின்ற் தனியாகப் போல்ற் நட்டால் பூட்டப்படும் சாமான். புதிய கை போட்ட பிறகும் பழைய போல் ஜொயின்ற் அப்படியே இருக்கலாம். பில்லில் அது தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கம்பனிச் சாமான் தவிர வெளிக் கம்பனிகளின் சாமானும் தாராளமாகக் கிடைக்கிறது. ரொறன்ரோவைத் தலைமையிடமாகக் கொண்ட மெவோரெக் என்ற கம்பனியே கொன்ரோல் ஆமும் போல் ஜொயின்ற்றும் விற்கிறது. ஒரே கம்பனியிலும் மலிவு வகை, உயர்ந்த வகை என்று இரண்டு மூன்று இருக்கும். எந்த வகை போடுகிறீர்கள் என்பது நியாயமான கேள்வி.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்ற வேண்டும் என்று சட்டமில்லை. இரண்டும் ஒரே வயது, ஒரே வீதியில் ஓடியவை, அலைன்மென்ற் காசு ஒருதரம் கொடுத்தால் போதும் என்பது இரண்டையும் சேர்த்து மாற்றுவதற்கான நியாயம். மற்றப் பக்கம் கிடங்கில் அடிபட்டு அண்மையில்தான் மாற்றியது என்றால் அந்த நியாயம் இல்லை.

வேலை நடக்கும் விதம்

வேலைக்கு முதல்நாள் இரவே எல்லாப் போல்ற்றுக்கும் கறள் இளக்கும் எண்ணெய் அடித்துவிட வேண்டும். அடுத்த நாள் மட்டமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, பின்சில்லுக்குத் தடை வைத்து, சில்லு நட்டுகளைக் கார் தரையில் நிற்கும்போதே கொஞ்சம் இளக்கி, பிறகு உயர்த்தி, உறுதியான தாங்கியின் மேல் இறக்க வேண்டும். காரோடு வரும் சிறிய ஜக் ரயர் மாற்ற மட்டும். அதை நம்பிக் காருக்குக் கீழே தலையைக் கொண்டுபோகக் கூடாது. தாரில் தாங்கி புதையும், சரிவான டிரைவ்வேயில் அது நகரும். வேறெதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சில்லைக் கழற்றியதும் சுவே பார் லிங்க் கையில் பூட்டியிருந்தால் அதை விடுவிக்க வேண்டும். அடுத்தது போல் ஜொயின்ற். சில கார்களில் ஜொயின்ற்றின் தண்டை ஒரு குறுக்குப் போல்ற் கவ்விப் பிடித்திருக்கும். உப்பில் ஊறிய காரில் ஒருமணி நேர வேலையை ஒருநாள் வேலையாக்குவது அந்தப் போல்ற்தான். அவசரப்பட்டு முறுக்கினால் தலை முறிந்துவிடும்; பிறகு துளைபோட்டு எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசைத்து, எண்ணெய் விட்டு, ஆறுதலாக எடுக்க வேண்டும். வேறு கார்களில் கூம்பு வடிவத் தண்டும், மேலே பின் குத்திய நட்டும் இருக்கும். நட்டைக் கழற்றினாலும் கூம்பு ஒட்டிக்கொண்டு நிற்கும். அப்போது தண்டில் அடிக்காமல், தண்டு புகுந்திருக்கும் இரும்பின் பக்கவாட்டில் சுத்தியலால் அடித்தால் அது விட்டுவிடும். கவட்டை போன்ற கருவியை இடுக்கி அடித்தாலும் கழலும், ஆனால் றபர் உறை கிழியும். பழைய ஜொயின்ற்றை எறியப்போகிறோம் என்றால் மட்டும் அதைப் பாவிக்கலாம்.

போல் ஜொயின்ற் கழன்றதும் சில்லைத் தாங்கும் பகுதி வெளிப்பக்கம் சுழலப் பார்க்கும். பிறேக் குழாயும் ஏபிஎஸ் வயரும் அந்தப் பாரத்தில் தொங்கக் கூடாது, கம்பியால் கட்டிவைக்க வேண்டும். வெளியே அதிகம் இழுத்தால் எஞ்சினிலிருந்து சில்லுக்கு வரும் அச்சின் உள்மூட்டுக் கழன்றுவிடும். அதன் பிறகு சட்டத்தில் உள்ள இரண்டு போல்ற். இவை சில கார்களில் நேரே வரும். சிலவற்றில் கியர்பெட்டி மறிப்பதால் போல்ற்றை உருவ இடமே இருக்காது, எஞ்சினைத் தாங்கிவைத்து அடிச்சட்டத்தைச் சற்று இறக்க வேண்டும். ஒரே வேலைக்கு ஒரு காருக்கு ஒரு கூலியும் இன்னொன்றுக்கு அதைவிட இரண்டு மடங்கும் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே ஏமாற்று அல்ல.

புதிய கையை வைத்து எல்லாப் போல்ற்றையும் முதலில் கைவிரலால் மறையில் பிடிக்கவைக்க வேண்டும். இங்கேதான் முழு வேலையின் உயிர்நாடி இருக்கிறது. பல இடங்களில் தவறவிடப்படுவதும் இதுதான்.

புஷ்ஷின் நடுக்குழாயைப் போல்ற் சட்டத்தோடு இறுக்கிப் பிடிக்கிறது. வெளிவளையம் கையோடு சேர்ந்து அசைகிறது. நடுவே ஒட்டிய றபர் முறுகிக் கொடுத்துத்தான் கை மேலும் கீழும் போகிறது. அங்கே எதுவும் வழுக்கிச் சுழல்வதில்லை. கார் தாங்கியின் மேல் நிற்கும்போது சில்லும் கையும் கீழே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் போல்ற்றை முழுதாக இறுக்கிவிட்டால் றபர் தொங்கும் நிலையைத்தான் தன் இயல்பு நிலையாகக் கொள்ளும். காரைக் கீழே இறக்கியதும் கை மேலே எழும், றபர் பிழிந்த வேட்டி போல முறுகியபடியே நிற்கும். கார் சும்மா நிற்கும்போதுகூட அந்த முறுக்கு இருக்கும். அதன் மேல் ஒவ்வொரு கிடங்கும் இன்னும் முறுக்கும். பல வருடம் ஓட வேண்டிய புதுப் புஷ் சில மாதங்களில் கிழிவது இதனால்தான். "போன வருசம்தான் மாத்தினது, மலிவுச் சாமான், திரும்பப் போட்டுது" என்று கேள்விப்படும்போதெல்லாம் குற்றம் சாமானில் மட்டும்தானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

சரியான முறை கடினமானதல்ல. கார் தன் சில்லில் நிற்கும் உயரத்துக்குக் கையைக் கொண்டுவந்த பிறகு இறுக்க வேண்டும், அவ்வளவுதான். கராஜில் சில்லுகள் மேடையில் நிற்க நான்கு சில்லோடும் உயர்த்தும் வகை லிஃப்ட் இருந்தால் இலகு. இல்லாவிட்டால் கையின் நுனியில் ஜக் வைத்து, தாங்கியிலிருந்து கார் சற்று எழும் வரை உயர்த்திவிட்டு இறுக்கலாம். இறுக்கும் அளவு ஒவ்வொரு காருக்கும் கம்பனி கொடுத்திருக்கிறது. அளவு காட்டும் ஸ்பனரால் இறுக்க வேண்டும், காற்றுத்துப்பாக்கியின் சத்தத்தை வைத்து மட்டிடக் கூடாது. பின்புஷ்ஷின் போல்ற் செங்குத்தாக நிற்கும் கார்களில் அந்த ஒன்றுக்கு மட்டும் இந்த விதி முக்கியமில்லை, ஏனென்றால் கை அந்தப் போல்ற்றைச் சுற்றித் திரும்புவதில்லை. கராஜ்காரரிடம் "போல்ற்றைக் கார் நிலத்திலை நிக்கிற உயரத்திலை வைச்சோ இறுக்கினீங்கள்?" என்று ஒரு வரி கேட்டுப் பாருங்கள். வரும் பதிலில் ஆளின் வேலை தெரிந்துவிடும்.

இறுக்கம் என்ற சின்ன விடயம் எவ்வளவு பெரிதாகும் என்பதற்கு எங்கள் வீதிகளில் நிறைய ஓடிய ஒரு வாகனமே சாட்சி. ரொயோட்டா ராவ்-4. 2008 முதல் ஒன்ராறியோவின் வூட்ஸ்ரொக் தொழிற்சாலையிலும் செய்யப்பட்ட வாகனம் அது. அதன் 2006 தொடக்கம் 2011 வரையான மொடல்களில் பின்சில்லைப் பிடிக்கும் கைகளில் ஒன்று, அலைன்மென்ற்றுக்காக நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் மறையோடு அமைந்திருந்தது. அலைன்மென்ற் செய்தபின் அந்த மறையைப் பூட்டும் நட்டைச் சரியாக இறுக்காவிட்டால் மறையில் ஆட்டம் உண்டாகும். ஆட்டத்துக்குள் தண்ணீர் போய்க் கறள் பிடிக்கும். மறை தேய்ந்து கடைசியில் கை கழன்றுவிடும். 2012 ஓகஸ்ட்டில் ரொயோட்டா, அமெரிக்காவில் மட்டும் 7 இலட்சத்துக்கு மேற்பட்ட வாகனங்களை இதற்காகத் திருப்பி அழைத்தது. அந்தத் திருத்தமே சில வாகனங்களில் ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று கண்டு 2013இல் மறுபடியும் அழைத்தது. இறுக்காமல் விட்ட ஒரு நட், அதற்குமேல் கறள். கம்பனியே இரண்டு தடவை திரும்பிப் பார்க்க வேண்டி வந்தது.

உப்பின் கதைக்கு வின்ட்ஸ்ரார் வான் போதும். ஓக்வில் நகரத்தில் ஃபோர்ட் செய்த இந்த வானில் பிள்ளைகளையும் அப்பம்மாவையும் ஏற்றிக்கொண்டு மொன்றியல் கலியாணத்துக்குப் போன குடும்பங்கள் எத்தனையோ. 1998 முதல் 2003 வரையான மொடல்களின் பின் அச்சு, உப்புப் போடும் பிரதேசங்களில் கறள் பிடித்து வெடிக்கலாம் என்று 2010இல் ஃபோர்ட் அவற்றைத் திருப்பி அழைத்தது. 2011 தொடக்கத்தில், முன்பக்க அடிச்சட்டத்தில் கொன்ரோல் ஆம் பூட்டும் இடம் கறளால் விட்டுப்போகலாம் என்று இன்னொரு அழைப்பு வந்தது. கை நல்லதாக இருந்தும் அதைத் தாங்கும் சட்டம் உக்கியிருந்தால் புதுக்கை போட்டுப் பயனில்லை. பத்து வருடம் தாண்டிய கார் என்றால், காசு கட்டுமுன் கை பூட்டும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அப்படியே உங்கள் காரின் 17 இலக்க எழுத்து வாகன அடையாள எண்ணைக் கம்பனியின் இணையத்தளத்தில் போட்டு, திருப்பி அழைப்பு ஏதும் நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அந்தத் திருத்தத்துக்கு உங்களிடம் காசு அறவிடமாட்டார்கள்.

கராஜும் சட்டமும்

ஒன்ராறியோவில் தனியார் காருக்கு வருடாந்தப் பாதுகாப்புப் பரிசோதனை கிடையாது. புகைப் பரிசோதனையான டிரைவ் கிளீனும் 2019இல் நின்றுவிட்டது. பழைய கார் வாங்கும்போது எடுக்கும் பாதுகாப்புச் சான்றிதழ், சோதித்த அன்று கார் எப்படி இருந்தது என்பதற்கு மட்டும் சாட்சி. எழுதி 36 நாட்கள் வரைதான் அதைக் கைமாற்றப் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகு உங்கள் காரின் அடியில் குனிந்து பார்க்க எவருக்கும் கடமையில்லை. குளிர்கால ரயர் மாற்றும் நாள்தான் நல்ல சந்தர்ப்பம். சில்லு கழன்றிருக்கும்போது புஷ்ஷையும் ஜொயின்ற்றையும் பார்க்கச் சொன்னால் ஐந்து நிமிட வேலை.

எங்களவர்களில் பலர் தமிழ் மெக்கானிக்கிடம் போவது மொழிக்காகவும் நம்பிக்கைக்காகவும். அதில் தவறில்லை, இந்த நகரத்தில் நல்ல பெயர் எடுத்த தமிழ்க் கராஜ்கள் இருக்கின்றன. கவலையெல்லாம், "வரி இல்லாமல் காசாத் தாங்கோ, பில் வேண்டாம்" என்ற பேச்சில் நாம் இழப்பது என்ன என்று பலருக்குத் தெரியாததுதான். 13 வீத எச்.எஸ்.ரி. மிச்சம் என்று மகிழ்கிறோம். கூடவே சட்டம் தரும் உத்தரவாதத்தை நிரூபிக்கும் ஒரே தாளையும் விட்டுவிட்டு வருகிறோம்.

2002ஆம் ஆண்டின் ஒன்ராறியோ நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாகனத் திருத்தத்துக்கென்றே ஒரு பகுதி வைத்திருக்கிறது. வேலைக்குமுன் எழுத்தில் மதிப்பீடு தரவேண்டும். அல்லது மதிப்பீடு வேண்டாம் என்று நீங்கள் சொல்லி, இதற்குமேல் போகக்கூடாது என்று ஓர் உச்சத் தொகைக்குச் சம்மதித்திருக்க வேண்டும். மதிப்பீட்டை விட நூற்றுக்கு 10க்கு மேல் கூட்டி அறவிட முடியாது. தொலைபேசியில் "ஓம்" சொன்னீர்கள் என்றால் அதை அவர்கள் பதிந்திருக்க வேண்டும். கழற்றிய பழைய சாமான் உங்களுக்குரியது. வேண்டாம் என்று நீங்களே சொன்னாலோ, உத்தரவாதத்தில் இலவசமாக மாற்றினாலோ, பழையதைக் கம்பனிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டியதாக இருந்தாலோ தவிர. கொன்ரோல் ஆம் விடயத்தில் இந்த உரிமை பெறுமதியானது. பழைய கையை ஒரு பையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். குண்டைக் கையால் அசைத்தால் ஆடுகிறதா, றபர் கிழிந்திருக்கிறதா என்று பார்க்க நீங்கள் மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. புதிய சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது 90 நாள் அல்லது 5,000 கிலோமீற்றர், எது முதலில் வருகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. தொங்கும் நிலையில் இறுக்கிய புஷ் இந்த எல்லைக்குள் சத்தம் போடத் தொடங்கினால் திரும்பிப் போய்க் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது, பில் இருந்தால்.

காரைத் திருத்தும் தொழில் இந்த மாகாணத்தில் அனுமதிப்பத்திரம் வேண்டிய தொழில். 310எஸ் என்ற பிரிவில் பதிவான தொழில்நுட்பவியலாளரா என்பதை ஸ்கில்ட் ட்ரேட்ஸ் ஒன்ராறியோவின் பொதுப் பதிவேட்டில் பார்க்கலாம். உங்கள் சொந்தக் காரை உங்கள் வீட்டில் நீங்களே திருத்துவது வேறு விடயம். சுவே பார் லிங்க்கில் தொடங்கிக் கைபழகியவர்களுக்கு, நேரே போல்ற் கழலும் காரில் கொன்ரோல் ஆமும் எட்டாத வேலையல்ல. அடுக்குமாடியின் நிலக்கீழ் தரிப்பிடத்தில் மட்டும் தொடங்கிவிடாதீர்கள். பாதியில் போல்ற் முறிந்து கார் மூன்று சில்லில் நின்றால் கட்டட நிர்வாகத்தோடும் மல்லுக்கட்ட வேண்டி வரும்.

யார் செய்தாலும் கடைசியில் அலைன்மென்ற் செய்தே ஆகவேண்டும். கை மாறினால் சில்லின் கோணம் ஒரு நூல் அளவாவது மாறும். முன்சில்லு இரண்டும் உள்ளே பார்க்கின்றனவா வெளியே பார்க்கின்றனவா என்ற கோணத்தில் சிறு பிசகு இருந்தாலே ஒரு சோடி ரயர் ஒரு கோடையில் தேய்ந்துவிடும். அலைன்மென்ற் இயந்திரம் முன்னைய அளவையும் திருத்திய அளவையும் தாளில் அச்சிட்டுத் தரும். அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். சில்லு நட்டுகளை 100 கிலோமீற்றர் அளவில் ஓடியபின் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்க்க வேண்டும்.

நகர வீதிக் கிடங்கில் விழுந்துதான் கை வளைந்தது என்று திடமாகத் தெரிந்தால் ரொறன்ரோ நகரசபையிடம் இழப்பீடு கேட்கலாம். கிடைக்கும் என்று வாக்குத் தரமுடியாது. வீதியை நியாயமான முறையில் பராமரித்தோம் என்று அவர்கள் காட்டினால் கோரிக்கை தள்ளுபடியாகும். ஆனால் கேட்பதற்கே ஒரு காலக்கெடு இருக்கிறது. சம்பவம் நடந்து 10 நாட்களுக்குள் நகரசபை எழுதுவினைஞருக்கு எழுத்தில் அறிவித்தல் போய்ச் சேர வேண்டும். நாள், நேரம், எந்த வீதி, எந்தச் சந்திக்கு அருகில் என்பவற்றை எழுதி, கிடங்கின் படத்தையும் கராஜ் பில்லின் பிரதியையும் இணையுங்கள். 311க்கு அழைத்துக் கிடங்கை முறைப்பட்டிருந்தால் அவர்கள் தந்த இலக்கத்தையும் சேருங்கள். ஆனால் அந்த அழைப்பு மட்டும் கோரிக்கை ஆகாது. 401 போன்ற நெடுஞ்சாலைகள் மாகாணத்துக்குரியவை, ஸ்ரீல்ஸுக்கு வடக்கே உள்ள வீதிகள் மார்க்கம் போன்ற நகரங்களுக்கோ யோர்க் பிராந்தியத்துக்கோ உரியவை. எந்த வீதியில் விழுந்தீர்களோ அந்த வீதிக்குரியவரிடம்தான் கடிதம் போகவேண்டும்.